ஆபீஸ் ஃபயர்வாலைத் தாண்டி அரட்டை போவது எப்படி?

பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 1988-இல் யார்க்கோ ஒய்காரினென் உருவாக்கிய ஐஆர்சி (IRC) என்ற இணையக் குழு அரட்டை இன்றும் உயிரோடு இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் லிபரா சாட் என்ற ஐஆர்சி நெட்வொர்க்கின் சேனல்களில்தான் (அரட்டை அறைகளில்) சந்தேகம் கேட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆபீஸ் கணினியில் ஐஆர்சி செயலியைத் திறந்தால், பல இடங்களில் 'இணைக்கிறது' என்ற வரியோடு நின்றுவிடும்.

காரணம் போர்ட் எண், அதாவது ஒவ்வொரு இணையச் சேவையும் பயன்படுத்தும் வாசல் எண். ஐஆர்சி வழக்கமாக 6667-இல் பேசும். குறியாக்கத்தோடு, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி என்றால் 6697. ஆபீஸ் நெட்வொர்க்கின் காவலாளிதான் ஃபயர்வால். கண்டிப்பான ஃபயர்வால் வலைத்தளங்களுக்கான 80, 443 போன்ற சிலவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைத்துவைக்கும். பெரும்பாலும் 'முடியாது' என்றுகூடச் சொல்லாது. நம் கணினி அனுப்பும் முதல் பாக்கெட்டை (தரவுத் துண்டை) சத்தமில்லாமல் வீசிவிடும். கணினி இடைவெளி விட்டு விட்டுத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். கடைசியில் 'டைம் அவுட்'.

சரி, இதற்கு வழி? பிரவுசரிலேயே ஐஆர்சி பேச உதவும் வெப்சாட். பிரவுசர் 443 வழியாக ஓர் இடைநிலை சர்வரைச் சாதாரண வலைப்பக்கம் போலவே அணுகுகிறது. அப்புறம், 'இந்த இணைப்பை வெப்சாக்கெட்டாக மாற்றலாமா?' என்று கேட்கிறது. சர்வர் 101 என்ற எண்ணை அனுப்பிச் சம்மதித்ததும் இணைப்பு திறந்தே இருக்கும். இரு பக்கமும் நினைத்த நேரத்தில் பேசலாம். அந்த சர்வர் மறுபுறம் ஐஆர்சி சர்வரோடு பேசிக்கொள்ளும். அந்த உரையாடல் ஆபீஸுக்கு வெளியே நடப்பதால் 6667 அடைபட்டிருப்பது பொருட்டே இல்லை. வெப்சாக்கெட் தரநிலையானது 2011-இல். அதற்கு முன் 'ஏதாவது வந்ததா?' என்று பிரவுசர்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெப்சாட்டில் வருகிற எல்லோரும் ஐஆர்சி சர்வருக்கு ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். ஒருவர் வம்பு செய்ததற்காக அந்த முகவரி தடைசெய்யப்பட்டால், மற்றவர்களும் வெளியே. அதனால் இடைநிலை சர்வர் 'வெப்ஐஆர்சி' என்ற கட்டளையில் ஒவ்வொருவரின் உண்மையான ஐபி முகவரியையும் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆபீஸுக்கு என்ன தெரியும்? 443-இல் போவது குறியாக்கப்பட்டிருந்தாலும், தொடக்கத்தில் சர்வரின் பெயர் பொதுவாக வெளிப்படையாகவே போகும். அந்தப் பெயரை வைத்தே தடுக்கவும் முடியும். நிறுவனம் தந்த லேப்டாப்பில் அவர்களுடைய ரூட் சான்றிதழ் (நிறுவனத்தை நம்பச் சொல்லும் டிஜிட்டல் அத்தாட்சி) இருந்தால், நடுவிலுள்ள ப்ராக்ஸி என்ற நிறுவன சர்வர் குறியாக்கத்தைப் பிரித்து எழுத்துக்கு எழுத்து படிக்கலாம். எனவே கடவுச்சொல்லையோ சொந்த விஷயங்களையோ அங்கே தட்டாதீர்கள். வேலைக்கே ஐஆர்சி தேவை என்றால், 6697-ஐத் திறந்துவிடும்படி நெட்வொர்க் அட்மினிடம் நேராகக் கேட்பதுதான் நல்லது.