அமெரிக்கக் கடற்படையின் ‘வேவ்ஸ்’: யார் சேரலாம், என்ன பயிற்சி, என்ன வேலை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த பெண்களை ‘வேவ்ஸ்’ என்று அழைத்தார்கள். சட்டப்படி இதன் பெயர் பெண்கள் ரிசர்வ், அதாவது கடற்படையின் சேமப்படையில் பெண்கள் பிரிவு. 1942 ஜூலை 30 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம்தான் அடிப்படை. கரையில் செய்யும் வேலைகளைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு, அங்கிருந்த ஆண்களைக் கப்பலுக்கு அனுப்புவதே நோக்கம். வெல்லெஸ்லி கல்லூரித் தலைவராக இருந்த மில்ட்ரெட் மெக்காஃபி இதன் இயக்குநரானார்.

இது துணைப்படை அல்ல என்பதுதான் இந்தத் திட்டத்தின் மிக முக்கியமான அம்சம் என்பேன். அதே ஆண்டு மே மாதம் தரைப்படை பெண்களுக்காகத் தொடங்கிய அமைப்பு, படைக்கு வெளியே நின்று உதவும் ஒன்றாகவே இருந்தது. அதை முறையாகப் படையோடு சேர்க்க 1943 வரை ஆனது. கடற்படைப் பெண்களோ முதல் நாளிலிருந்தே கடற்படை ரிசர்வ்காரர்கள். ஆண்களுக்குள்ள பதவிப் பெயர்தான், அதே சம்பளம்தான், அதே ஒழுங்கு விதிதான். போருக்குப் பிறகு படைவீரர்களுக்குக் கிடைத்த படிப்பு உதவியும் வீட்டுக் கடன் சலுகையும் இவர்களுக்கும் கிடைத்ததற்கு இந்த அந்தஸ்தே காரணம்.

சாதாரணப் பணிக்கு 20 முதல் 35 வயதுவரை சேரலாம். உயர்நிலைப் பள்ளிப் படிப்போ வணிகப் பள்ளிச் சான்றிதழோ வேண்டும். அதிகாரியாக வேண்டுமானால் வயது வரம்பு 49, தகுதி கல்லூரிப் பட்டம். பட்டம் இல்லாதவர்கள் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்போடு இரண்டு வருட வேலை அனுபவம் காட்டினாலும் போதும்.

பெண்களுக்கென்று பயிற்சித் தளங்கள் இல்லாததால், கடற்படை கல்லூரிகளையே எடுத்துக்கொண்டது. அதிகாரிகளுக்கு மாசசூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டனில் உள்ள ஸ்மித் கல்லூரி. மற்றவர்களுக்கு 1943 பிப்ரவரியிலிருந்து நியூயார்க் பிராங்க்ஸில் உள்ள ஹன்டர் கல்லூரி. போர் முடிவதற்குள் 80,000-க்கும் அதிகமானவர்கள் அங்கே அடிப்படைப் பயிற்சி முடித்தார்கள். அணிவகுப்பு, கடற்படை வழக்கங்கள், கப்பல் வகைகள், உடற்பயிற்சி என்று சில வாரங்கள் ஓடும். அப்புறம் அவரவர் திறமையைப் பார்த்து தொழிற்பள்ளிக்கு அனுப்புவார்கள்.

நிறையப் பேர் எழுத்தர், கிடங்குக் கணக்கர், வானொலி இயக்குநர் வேலைகளுக்குப் போனார்கள். இவை ஏற்கெனவே பெண்கள் செய்துவந்த வேலைகளுக்கு நெருக்கமானவை. விமானப் பிரிவில் கதையே வேறு. விமான எஞ்சினைப் பழுதுபார்ப்பது, பாராசூட் மடித்துச் சரிபார்ப்பது, வானிலை கணிப்பது, விமானத் தளக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நின்று விமானங்களை இறக்குவது எல்லாமே பெண்கள் செய்தார்கள். தரையிலேயே உட்கார்ந்து கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டப் பழகும் ‘லிங்க் டிரெய்னர்’ பயிற்சியைப் போர் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களிலும் இவர்கள் இருந்தார்கள். ஓஹாயோ மாநிலம் டேட்டனில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்கும் இயந்திரங்களுக்கு ஒயர் பற்றவைத்ததும், பிறகு வாஷிங்டனில் அவற்றை இயக்கியதும் வேவ்ஸ் பெண்கள்தான். கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பரும் இந்தத் திட்டத்தில் வந்தவர். நார்தாம்ப்டனில் பயிற்சி முடித்த அவரை 1944-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 1 கணினியில் வேலை செய்ய அனுப்பினார்கள்.

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கறுப்பினப் பெண்களுக்கு 1944 அக்டோபர் வரை அனுமதியே கிடையாது. அந்த டிசம்பரில்தான் ஹாரியட் பிக்கன்ஸ், ஃபிரான்சஸ் வில்ஸ் இருவரும் முதல் கறுப்பின அதிகாரிகளானார்கள். ஆள் பற்றாக்குறை என்று சட்டம் போட்டுவிட்டு, வர விரும்பியவர்களை இரண்டு வருடம் வெளியே நிறுத்தியது பெரும் அநீதி.

வேறு கட்டுப்பாடுகளும் இருந்தன. போர்க்கப்பலிலோ போர் விமானத்திலோ பணி கிடையாது. ஆரம்பத்தில் அமெரிக்க நிலப்பரப்பைத் தாண்டவும் முடியாது. 1944 செப்டம்பரில் அதைத் தளர்த்திய பிறகு, விருப்பப்பட்டவர்கள் ஹவாய்க்குப் போனார்கள். பதவி உயர்வுக்கும் உச்சவரம்பு இருந்தது. முதலில் இயக்குநருக்கே லெப்டினன்ட் கமாண்டர் பதவிதான். 1943 நவம்பரில் சட்டத்தைத் திருத்திய பிறகே மெக்காஃபி கேப்டன் ஆனார்.

உச்சகட்டத்தில் 86,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பணியில் இருந்தார்கள். போர்க்காலத்துக்கு மட்டுமான ஏற்பாடு என்பதால் 1946-க்குள் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடற்படையில் நிரந்தர இடம் 1948 ஜூன் 12 அன்று வந்த சட்டத்தால்தான் கிடைத்தது, அதுவும் மொத்தப் படை எண்ணிக்கையில் பெண்கள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்போடு.