புதைபடிவம்: ஒரு சொல்லும் அதன் மண்ணும்

சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அண்ணன் மகளைக் கூட்டிப் போயிருந்தேன். தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து வந்த மூன்று டைனசோர் எலும்புக்கூடுகள் அங்கே நிற்கின்றன. 15 கோடி ஆண்டுப் பழமை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஃபாசிலுக்குத் தமிழ்ல என்ன அத்தை?"

"புதைபடிவம்."

"படிவம்னா அம்மா கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்து விடுறதுதானே?"

நியாயமான கேள்வி. இந்த ஊரில் படிவம் என்றதும் நிரப்பிக் கொடுக்கும் தாள்தான் நினைவுக்கு வரும். ஆனால் வடிவம், உருவம் என்பதே அந்தச் சொல்லின் பழைய பொருள். தாளைக் குறிப்பது பின்னால் வந்தது.

வாயால் சொன்னால் பதியாது என்று, வீட்டுக்கு வந்ததும் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு மட்டி ஓட்டை அழுத்தி எடுக்கச் சொன்னேன். ஓட்டின் மேடுகள் எல்லாம் மாவில் பள்ளமாக விழுந்திருந்தன. ஓரத்தில் இருந்த சின்ன உடைசல்கூடத் தெரிந்தது. ஓடு அவள் கையில், அதன் உருவம் மாவில். மாவில் இருப்பதுதான் படிவம்.

'படி' என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். ஆற்றில் வண்டல் படிகிறது, அலமாரியில் தூசி படிகிறது. ஓர் ஓலையைப் பார்த்து இன்னோர் ஓலை எழுதினால் அது படி எடுப்பது. புதைபடிவம் உருவாகும்போது இந்த இரண்டுமே நடக்கின்றன. செத்த உயிரின் மேல் சேறும் மணலும் படிந்து, அழுகும் முன்பே மூடிவிட வேண்டும். மேலே மேலே படிந்த பாரத்தில் சேறு இறுகிப் பாறையாகிறது. உள்ளே இருந்த ஓடு பின்னால் கரைந்து போனாலும், அது இருந்த இடம் அச்சாக நிற்கும். அந்த அச்சில் நீரோடு வந்த தாதுக்கள் நிரம்பி இறுகினால், கல்லிலேயே ஒரு படி கிடைத்துவிடும்.

'ஃபாசில்' இவ்வளவும் சொல்வதில்லை. தோண்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது அது; தோண்டி எடுத்தது என்பதே பொருள். 1546இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா அந்தச் சொல்லால் உப்பு, உலோகத்தாது, இரத்தினக்கல் எல்லாவற்றையும் குறித்தார். மண்ணுக்குள்ளிருந்து வந்தால் போதும், உயிரோடு தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 'நாக்குக்கல்' என்று சொல்லி வந்த முக்கோணக் கற்கள் சுறாவின் பற்களே என்று 1667இல் நிக்கோலஸ் ஸ்டீனோ எழுதினார். பெரிய சுறா ஒன்றின் தலையை அறுத்துப் பார்த்த பிறகு அவருக்கு வந்த தெளிவு அது. இப்படிப்பட்ட தெளிவுகள் சேரச் சேரத்தான், பண்டைய உயிரின் தடயம் என்ற பொருளுக்குச் சொல் சுருங்கியது.

தமிழில் வேறு சொற்களும் புழங்குகின்றன. 'தொல்லுயிர் எச்சம்' எலும்புக்கும் பல்லுக்கும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் எஞ்சியதுதான் எச்சம். இலங்கைத் தமிழர் 'உயிர்ச்சுவடு' என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். தான்சானியாவின் லேட்டோலியில் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈர எரிமலைச் சாம்பலில் நடந்தவர்களின் காலடிகளை 1978இல் ஆய்வாளர் மேரி லீக்கியின் குழு கண்டது. அங்கே எலும்பின் எச்சம் தேவைப்படவில்லை. மூளை பெரிதாவதற்கு வெகுகாலம் முன்பே நம் முன்னோர் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தார்கள் என்பதை வெறும் சுவடு சொல்லிவிட்டது. ஆனாலும் பொதுச் சொல்லாக 'புதைபடிவம்' என்பதையே நான் எடுப்பேன். நிகழ்ந்த விதம் முழுவதையும் அது உள்ளே வைத்திருக்கிறது.

கலைச்சொல் வருமுன்பே பொருள் நம்மிடம் இருந்தது. விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கிடக்கும் பாறையான மரங்களை ஊரார் கல்மரம் என்கிறார்கள். கல்லாய்ச் சமைந்த மரம், வேறென்ன சொல்வது! பூசை மாடத்தில் இருக்கும் சாளக்கிராமமும் அப்படித்தான். அதன் கரிய கல்லில் தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற கடலுயிரின் சுருள் ஓடு. அது நேபாளத்தின் கண்டகி ஆற்றில், கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்றால், இமயத்தின் பாறைகள் ஒருகாலத்தில் கடலடியில் இருந்தன என்றுதான் பொருள். அம்மோனைட் இனம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனசோர்களோடு அழிந்தது.

சிங்கப்பூரும் வெறும் கையோடு இல்லை. இங்கே ஸ்கிரிவனர் என்ற புவியியலாளர் கண்டெடுத்த புதைபடிவங்களைப் பற்றி 1906இலேயே நியூட்டன் என்பவர் எழுதியிருக்கிறார். தீவின் மேற்கிலுள்ள ஜூரோங் பாறைகளில் கடற்சிப்பிகளின் படிவங்கள் உண்டு. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் அங்கே அலை அடித்திருக்கிறது.

செய்திகளில் அடிக்கடி வரும் 'புதைபடிவ எரிபொருள்' மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. எண்ணெயிலும் எரிவாயுவிலும் எந்த உருவமும் படிந்திருக்கவில்லை. பலரும் நினைப்பதுபோல் எண்ணெய் டைனசோரிலிருந்து வந்ததும் இல்லை. பெரும்பாலும் கடலில் மிதந்த நுண்ணுயிர்களிலிருந்து வந்தது. 'ஃபாசில் ஃபியூயல்' என்ற ஆங்கிலத் தொடரில் 'தோண்டி எடுத்தது' என்ற பழைய பொருள் ஒட்டியிருக்கிறது, நாம் புதிய பொருளை மொழிபெயர்த்துவிட்டோம். 'தொல்லெச்ச எரிபொருள்' என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். டைனசோரைத் தோண்டுபவரைத் தொல்லியலாளர் என்று எழுதுகிறார்கள். தொல்லியல் மனிதர் விட்டுச் சென்றதை ஆராய்வது: இங்கே ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984இல் தொடங்கிய அகழாய்வும், அங்கே கிடைத்த 14ஆம் நூற்றாண்டுப் பானையோடுகளும் அதில் சேரும். கென்ட் ரிட்ஜில் நிற்கும் அந்த மூன்றுக்கும் உரிய துறை தொல்லுயிரியல்.