வீராங்கனை: சொல் விளக்கம்

1780ஆம் ஆண்டில் சிவகங்கைச் சீமையை மீட்ட வேலு நாச்சியார், 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவாக அமைக்கப்பட்ட ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்திய மலாயா இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், 1963இல் விண்வெளிக்குச் சென்ற வாலன்டினா தெரஷ்கோவா, 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தால் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிட்ட பி. டி. உஷா ஆகிய அனைவரையும் நாம் ‘வீராங்கனை’ என்ற ஒரே சொல்லால் போற்றுகிறோம். பாராட்டும் நோக்கத்தில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல் தனக்குள் வைத்திருக்கும் பொருள், அது சுட்டும் பெண்களுக்குப் பொருந்துகிறதா என்பதை நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வீராங்கனை வடசொல். ‘வீர’, ‘அங்கனா’ என்ற இரண்டு சொற்கள், வேத, அந்தம் என்பவை வேதாந்தம் ஆவதைப் போல, நெட்டுயிர் பெற்று ‘வீராங்கனா’ ஆயின. சீதா சீதையாகவும் சபா சபையாகவும் தமிழில் மாறியதைப் போலவே, இறுதி ஆகாரம் ஐகாரமாகி வீராங்கனை என நின்றது. ஆகவே ‘அங்கனை’ என்பது பெண்பாலைக் காட்டும் விகுதி என்று பலர் கருதுவது பிழை. அது தனிச்சொல். அங்கம் என்பது உடலையும் உறுப்பையும் குறிக்கும். அழகிய உறுப்புகளை உடையவளே அங்கனா. வானுலகப் பெண்ணைத் தேவாங்கனை என்றும், பரத்தையை வாராங்கனை என்றும் வடமொழி வழங்கியது இந்த அடிப்படையில்தான். போர்க்களத்தில் படை நடத்திய ஒருத்தியைப் போற்ற எடுத்த சொல்லின் பின்பாதி, அவளுடைய தோள் வலிமையையோ துணிவையோ சொல்லாமல் உடலழகைச் சொல்கிறது. பயன்படுத்துவோர் மனத்தில் இந்தப் பொருள் இன்று இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஆணுக்கு ‘வீரர்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் நாம், பெண்ணுக்கு மட்டும் உறுப்பழகை ஒட்டவைத்திருக்கிறோம்.

முன்பாதியும் நடுநிலையானதன்று. ‘வீர’ என்பதற்கு வடமொழியில் ஆண்மகன் என்பது பழைய பொருள். இலத்தீனில் ஆணைக் குறிக்கும் ‘விர்’ என்ற சொல் இதனோடு உறவுடையது. தமிழ் மரபு இந்தப் பண்பை வேறு வகையில் பார்த்தது. உரையாசிரியர்கள் வீரம் என்று விளக்கிய மெய்ப்பாட்டுக்கு, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுக்கு, தொல்காப்பியம் இட்ட பெயர் பெருமிதம். கல்வி, தறுகண், புகழ்மை, கொடை ஆகிய நான்கின் வழியாக அது பிறக்கும் என்கிறது நூற்பா. தறுகண் என்பது அஞ்சாமை. அது நான்கில் ஒன்று மட்டுமே. இந்த அளவுகோலால் பார்த்தால், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவராகி, பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அடித்தளமிட்ட முத்துலட்சுமி ரெட்டியும் வேலு நாச்சியாரோடு ஒரே வரிசையில் நிற்பார். வாளோ பந்தோ கையில் இல்லாததால் அவரை வீராங்கனை என்று எவரும் அழைப்பதில்லை.

வேலு நாச்சியாருக்கு மிகுதியாக வழங்கும் இன்னோர் அடைமொழி ‘வீரமங்கை’. கேட்பதற்கு இனிமையாக இருப்பினும், இதுவும் முழுப் பொருத்தம் உடையதன்று. மங்கை என்பது பொதுவாகப் பெண்ணைக் குறித்தாலும், பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவங்களில் அது 12, 13 வயதுச் சிறுமிக்குரிய பெயர். 1730இல் பிறந்த நாச்சியார், கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவிலில் ஆங்கிலேயப் படையால் கொல்லப்பட்டபோது நாற்பதைக் கடந்திருந்தார். விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி, ஐதர் அலியின் உதவியைப் பெற்று, படை திரட்டிச் சிவகங்கைக்குத் திரும்பியபோது அவருக்கு ஐம்பது வயது. பேரிளம்பெண் பருவமே நாற்பதில் முடிந்துவிடுகிறது. அந்த எட்டாண்டுக் காத்திருப்பும் முதிர்ந்த அறிவும்தான் அவருடைய பெருமை என்னும்போது, பெயரில் மட்டும் அவரை இளையவராக்குவது அந்தப் பெருமையையே மறைத்துவிடுகிறது.

பழைய இலக்கியத்தில் ஆயத்தமான சொல் இருக்கிறதா என்று தேடினால், புறநானூற்றின் 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஆண்ட ‘மூதின் மகளிர்’ என்ற தொடர் முதலில் கண்ணில் படும். முதுமையான இல்லத்தில், அதாவது தொன்மையான மறக்குடியில், பிறந்த பெண்கள் என்பது அதன் பொருள். முன்னைப் போரில் தந்தையையும் நேற்றைய போரில் கணவனையும் இழந்த ஒருத்தி, இன்று போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புவதைப் பாடும் பாடல் அது. பாடியவரும் ஒரு பெண் என்பது எனக்கு இந்தப் பாடலை இன்னும் நெருக்கமாக்குகிறது. ஆனால் இங்கே வேல் மகன் கையில் இருக்கிறது. தாய் அவனை அனுப்புகிறவள். தாமே படை நடத்தியவருக்கு இந்தத் தொடரை அப்படியே சூட்ட முடியாது. ‘மறத்தி’ என்ற சொல் குடிப்பெயராக நின்றுவிட்டதால் அதுவும் பொதுச்சொல்லாக உதவாது.

எனினும் மூதின் மகளிர் என்ற தொடர் ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கே ‘மகள்’ என்பது பெண் என்ற பொதுப் பொருளில் நிற்கிறது. வயதையோ அழகையோ அது சுட்டவில்லை. கலைமகள், திருமகள் என்ற பெயர்களிலும் அப்படியே. ஆகவே போர்க்களத்தில் நின்ற பெண்ணை ‘மறமகள்’ என்று அழைக்கலாம், பன்மையில் மறமகளிர். வீரம் என்ற சொல் தமிழில் நன்றாக வேரூன்றிவிட்டதால் ‘வீரமகள்’ என்பதையும் ஏற்கலாம் என்பது என் கருத்து. ஜான்சி ராணிப் படையினரை மறமகளிர் என்று எழுதிப் பாருங்கள். சொல் அவர்களுடைய தோளில் சரியாக அமர்கிறது.

விளையாட்டுக்கும் விண்வெளிக்கும் இது கூடத் தேவைப்படுவதில்லை. ஆசிரியர், மருத்துவர், அமைச்சர் என்னும் சொற்களில் உள்ள அர் ஈறு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. பெண் அமைச்சருக்காகத் தனிச்சொல் எதையும் நாம் படைக்கவில்லை. ‘வீரர்’ என்பதும் அதே வகையைச் சேர்ந்தது. தடகள வீரர் பி. டி. உஷா என்றோ, இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டரான சதுரங்க வீரர் எஸ். விஜயலட்சுமி என்றோ எழுதுவதில் இலக்கணக் குறை ஏதுமில்லை. விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் என்பதை வாக்கியமே சொல்லிவிடும் இடத்தில், விண்வெளி வீரர் வாலன்டினா தெரஷ்கோவா என்பதே போதுமானது.