‘ஹாலிடே எபிசோட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

சொல்: ஹாலிடே எபிசோட்.
பொருள்: நீண்ட நாள் ஓடும் தொலைக்காட்சித் தொடரில் ஒரு பண்டிகையை ஒட்டி, அந்தப் பண்டிகையையே கதைக்குள் வைத்து எடுக்கும் தனிக்கதை.
தமிழில்: திருநாள் கதை, திருநாள் சிறப்புக் கதை.

‘விடுமுறை அத்தியாயம்’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சொல்லுக்கும் அகராதியில் இடம் உண்டு. சேர்த்துப் படித்தால் பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மே மாதத்தில் நடக்கும் ஏதோ ஒன்று போல இருக்கிறது. ஏன் அப்படி ஆகிறது என்பதை ஒரு நல்ல எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் ‘கன்ஸ்மோக்’ என்று ஒரு தொடர் வந்தது. 1952-ல் வானொலி நாடகமாகத் தொடங்கி, 1955 முதல் 1975 வரை 20 பருவங்கள் (சீசன்கள்) சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஓடியது. தொலைக்காட்சியில் மட்டும் 635 கதைகள். கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் நகரம், காலம் 1870-கள். டெக்சஸிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டிவந்து ரயிலேற்றும் ஊர். மந்தையோடு வரும் ஆட்கள் கையில் கூலி கிடைத்ததும் மதுக்கடைக்குப் போவார்கள், சண்டை வரும், துப்பாக்கி வெடிக்கும். அங்கே ஒழுங்கைக் காக்கும் மார்ஷல் மாட் டில்லனாக ஜேம்ஸ் ஆர்னஸ் 20 பருவமும் நடித்தார். மதுக்கடை நடத்தும் மிஸ் கிட்டி, முணுமுணுத்துக்கொண்டே வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஆடம்ஸ், மார்ஷலுக்குத் துணையாக நிற்கும் ஃபெஸ்டஸ் ஆகியோர் அந்த ஊரின் நிரந்தர முகங்கள்.

பெயரிலேயே துப்பாக்கிப் புகை இருக்கும் தொடர் இது. வாரம் தவறாமல் யாராவது சுடப்படுவார்கள். அதில் 1971 டிசம்பர் 27 அன்று வந்த கதையின் பெயர் ‘பி.எஸ். மர்ரி கிறிஸ்மஸ்’. அனாதை விடுதி ஒன்றிலிருந்து ஏழு குழந்தைகள், அங்கே எடுபிடி வேலை பார்க்கும் டைட்டஸ் ஸ்பாங்லர் என்பவரோடு ஓடிப்போய் டாட்ஜ் நகருக்கு வந்து சேர்கிறார்கள். விடுதியை நடத்தும் எம்மா கிரண்டி கண்டிப்பான பெண்மணி. கிட்டியும் ஊர்க்காரர்களும் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிடுவது என்று முடிவெடுக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

இந்தக் கதை எவ்வளவு இலகுவானது, அதாவது மனசுக்குப் பாரம் இல்லாதது, என்பதற்கு டைட்டஸாக நடித்தவரைப் பார்த்தாலே போதும். ஜாக் ஈலம், சிறுவயது விபத்தில் ஒரு கண் பாதிக்கப்பட்டவர். எங்கோ பார்ப்பது போன்ற அந்தப் பார்வையை வைத்து எத்தனையோ கௌபாய் படங்களில் அவரை வில்லனாக்கினார்கள். அந்த முகத்தைக் குழந்தைகள் நம்பி ஓடிவரும் மனிதராகக் காட்டியதுமே பார்ப்பவர் மனசு லேசாகிவிடுகிறது. குழந்தைகளில் ஒருவர் ஜோடி ஃபாஸ்டர், அப்போது அவருக்கு ஒன்பது வயது. எம்மாவாக வந்தவர் ஜெனெட் நோலன். கதை இலகுவானது என்பதற்காக அதை நகைச்சுவை என்று சொல்லிவிட முடியாது. சிரிக்கவைப்பது இங்கே முதல் நோக்கம் இல்லை. வழக்கமாக ஊரை அழுத்தும் பயத்தை ஒரு வாரம் இறக்கி வைப்பதுதான் நோக்கம்.

பண்டிகை வந்தாலே கதை இலகுவாகிவிடும் என்றும் இல்லை. ‘ஹேவ் கன், வில் டிராவல்’ என்ற இன்னொரு கௌபாய் தொடரில் 1957 டிசம்பர் 21 அன்று வந்த கிறிஸ்துமஸ் கதையில் ஒரு சிறுவனை வைத்துப் பண்ணையாருக்கும் பழங்குடியினருக்கும் பகை மூண்டு, தூக்குமரம் வரை போகிறது. அதுவும் ஹாலிடே எபிசோட்தான். ஆகவே கொண்டாட்டம், கலகலப்பு போன்ற பொருள் தரும் சொற்களை இதற்கு வைக்கக் கூடாது.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

‘ஹாலிடே’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘புனிதம்’ என்ற சொல்லோடு ‘நாள்’ என்ற சொல்லை ஒட்டி உண்டான கூட்டுச்சொல். திருச்சபை குறித்து வைத்த புனித நாட்களில் உழவும் தொழிலும் கூடாது. அதனால் புனித நாள் என்பது வேலை இல்லாத நாள் ஆயிற்று, பிறகு வேலை இல்லாத எந்த நாளுக்கும் அதே சொல் போயிற்று. பிரிட்டனில் கடற்கரைக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதும் ‘ஹாலிடே’தான். அமெரிக்கர்கள் அதற்கு ‘வெக்கேஷன்’ என்ற வேறு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பன்மையில் ‘ஹாலிடேஸ்’ என்றால் பெரும்பாலும் நவம்பர் கடைசியில் வரும் நன்றி செலுத்தும் நாளில் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வழியாகப் புத்தாண்டு வரை போகும் பண்டிகைக் காலம். மேலே சொன்ன கன்ஸ்மோக் கதையே இதற்குச் சான்று. 1971-ல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது, தொடர் ஒளிபரப்பானதோ திங்கட்கிழமைகளில். பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் கதை வந்தது. பண்டிகைக் காலம் இன்னும் போய்க்கொண்டிருந்ததால் அது ஹாலிடே எபிசோட்தான்.

கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவில் இந்த இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1659-ல் மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். பைபிளில் சொல்லாத கொண்டாட்டம் கூடாது என்பது அங்கிருந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரின் கொள்கை. 1681-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. 1870 ஜூனில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றித் தலைநகர் வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு ஊழியர்களுக்குக் கிறிஸ்துமஸை விடுமுறை நாளாக்கியது. டாட்ஜ் நகரம் உருவானது 1872-ல். கதை நடக்கும் காலத்தில் அரசு அளிக்கும் அந்த விடுமுறைக்கே வயது சில ஆண்டுகள்தான். எங்கோ ஓர் எல்லை ஊரில், சொந்தபந்தம் இல்லாத மனிதர்கள் தாங்களே கூடி ஏற்பாடு செய்தால்தான் பண்டிகை உண்டு. மதுக்கடைக்காரியும் மார்ஷலும் டாக்டரும் அனாதைக் குழந்தைகளுக்காக ஓடியாடுவது அதனால்தான் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் வைத்த இரண்டு பொருளையும் தமிழ் தனித்தனியாக வைத்திருக்கிறது. வேலையை விடுவது ‘விடுமுறை’. புனிதமும் சிறப்பும் உள்ள நாள் ‘திருநாள்’. திரு, நாள் என்ற இரண்டு பாகமும் பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் இரண்டு பாகத்துக்கும் அப்படியே இணை நிற்கின்றன. டாட்ஜ் நகரத்துக் கதையில் யாரும் லீவு எடுக்கவில்லை. அங்கே வருவது திருநாள். ஒரு நாளாக இல்லாமல் பல நாள் நீள்வதைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘பண்டிகைக் காலம்’ என்று எழுதலாம்.

அடுத்தது ‘எபிசோட்’. கிரேக்க மூலத்தில் இதற்கு ‘கூடுதலாக உள்ளே வருவது’ என்று பொருள். சொல்லுக்குள்ளே ‘வழி’ என்ற வேரும் இருக்கிறது. கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் குழுப் பாடல்கள் வரும். ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் நடுவே நடிகர்கள் வந்து பேசி நடிக்கும் பகுதிதான் எபிசோட். அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றி எழுதும்போது இந்த வரையறையைத் தருகிறார். இன்னொரு இடத்தில், நிகழ்ச்சிகள் ஒன்றுக்கொன்று காரண காரியத் தொடர்பு இல்லாமல் அடுக்கப்பட்ட கதையமைப்பைக் குறிக்க இதே சொல்லிலிருந்து ஒரு பெயரடையை எடுத்து, அப்படிப்பட்ட கதையமைப்பே எல்லாவற்றிலும் மட்டம் என்கிறார்.

அரிஸ்டாட்டில் மட்டம் என்று ஒதுக்கியதை அமெரிக்கத் தொலைக்காட்சி இருபது ஆண்டு நடத்திக் காட்டியது. கன்ஸ்மோக்கின் பெரும்பாலான கதைகளை எந்த வரிசையிலும் பார்க்கலாம். ஊர் அதே ஊர், ஆட்கள் அதே ஆட்கள், கதை மட்டும் வாராவாரம் புதிது. ‘அத்தியாயம்’ என்ற சொல் இதற்குப் பொருந்தாமல் போவது இங்கேதான். அது வடமொழியில் ஓதுதல், கற்றல் என்ற பொருளில் பிறந்து நூலின் பிரிவுக்கு ஆனது. ஒன்றைப் படித்தால்தான் அடுத்தது புரியும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. நம் மெகா தொடர்களுக்கு அது பொருந்தும். ‘பகுதி’ பொதுவான சொல், தவறில்லை. இலங்கையில் ‘அங்கம்’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டுமே முழுமையான ஒன்றின் துண்டு என்ற எண்ணத்தைத் தருகின்றன. தனியே நிற்கும் கதையைக் கதை என்றே சொல்வதில் என்ன தடை?

இந்த இடத்தில் ‘காதை’ என்ற சொல்லை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் ஐந்தாவதாக வருவது ‘இந்திரவிழவு ஊரெடுத்த காதை’. மணிமேகலை தொடங்குவதே ‘விழாவறை காதை’யில். பண்டிகையின் பெயரையே கதைப் பகுதிக்குத் தலைப்பாக வைப்பது நம் மொழிக்கு எவ்வளவு பழைய பழக்கம்! ‘விழாக் காதை’ என்று சொல்லிப் பார்த்தால் வாய்க்கு இனிக்கிறது. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்திர விழா கதையை நகர்த்துகிறது. அந்த விழாவின் நீட்சியில் கடற்கரைக்குப் போன இடத்தில்தான் கோவலனும் மாதவியும் பிரிகிறார்கள், அதற்குப் பிறகு எதுவும் பழையபடி இல்லை. டாட்ஜ் நகரத்திலோ அடுத்த திங்கட்கிழமை மாட் டில்லன் பழைய மார்ஷலாகவே நிற்பார். காப்பியத்துக் காதையும் தொலைக்காட்சித் தனிக்கதையும் வேலையில் வேறுபட்டவை.

கன்ஸ்மோக் போன்ற தொடர்களை ஆங்கிலத்தில் ‘வெஸ்டர்ன்’ என்பார்கள். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ‘மேற்கத்தியத் தொடர்’ என்று எழுதினால், மேற்கத்திய இசை என்பது போல ஐரோப்பா முழுவதும் உள்ளே வந்துவிடும். சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு இந்த வகை நெடுங்காலமாக ‘கௌபாய் கதை’. மாட் டில்லன் மாடு மேய்ப்பவர் இல்லைதான். ஆனாலும் தமிழில் வேரூன்றிவிட்ட பெயர் அது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, ‘கன்ஸ்மோக் கௌபாய் தொடரின் கிறிஸ்துமஸ் திருநாள் கதை’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்குத் தடங்கல் இராது. ‘பொங்கல் திருநாள் சிறப்புக் கதை’ என்று இதே அச்சில் நம் தொடர்களுக்கும் சொல்லலாம்.

அந்தக் கதையின் தலைப்பையும் தமிழாக்கலாம். ‘பி.எஸ்.’ என்பது கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே எழுதும் பின்குறிப்பு, நம் ‘பி.கு.’ அதேதான். ‘மர்ரி’ என்பது ஆங்கில வாழ்த்தில் வரும் சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதியது, வேண்டுமென்றே வைத்த குழந்தைப் பிழை. திருத்தி எழுதினால் தலைப்பின் உயிரே போய்விடும். தமிழ்க் குழந்தைகளும் ல, ள தடுமாறாதவர்களா? ‘பி.கு.: கிறிஸ்துமஸ் வாழ்த்துகல்’ என்று வைக்கலாம்.