உலாவி: நடக்கிறதா, மேய்கிறதா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைக்காரர், "நேத்து ராத்திரி பூரா நெட்லதான் மேய்ஞ்சிட்டு இருந்தேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. 'உலாவிக்கொண்டிருந்தேன் என்று சொல்லுங்கள்' எனத் திருத்தக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். தமிழில் நாம் உலாவி என்கிற பிரௌசர் என்ற ஆங்கிலச் சொல்லைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் கிடைப்பது அவர் சொன்னதுதான்.

பழைய பிரெஞ்சு மொழியில் 'புரூஸ்ட்' என்றால் இளந்தளிர். அதன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'பிரௌஸ்', ஆடும் மானும் செடிகொடிகளில் தளிர் கடித்துத் தின்பதைக் குறித்தது. மாடு தலை குனிந்து புல் மேய்வதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு. மாடு ஓரிடத்தில் நின்று மேயும். ஆடு நிற்காது. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய், எட்டவில்லை என்றால் முன்னங்காலைத் தூக்கி வேலி மேல் வைத்து இன்னொரு வாய். புத்தகக் கடையில் வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்த யாரோ ஒருவருக்கு ஆடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்தப் பொருளும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

நமக்கு இது புதிதில்லை. மேலோட்டமாகப் படிப்பதை 'நுனிப்புல் மேய்தல்' என்று நாமும்தான் சொல்கிறோம். என்ன, நம்முடையது திட்டு. அவர்களுடையது வெறும் வருணனை. (தேக்காவுக்கு இன்னொரு பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைத் தொழுவம். பஃபலோ ரோடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. மேய்ச்சலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் சிங்கப்பூரில் கிடைக்காது.)

சரி, கணினிக்கு வருவோம். 1990இல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முதல் பிரௌசரை எழுதினார். 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்தது. 1994 கடைசியில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர், அடுத்த ஆண்டு இன்டர்நெட் எக்ஸ்புளோரர். நேவிகேட்டர் என்றால் கப்பலுக்கு வழி சொல்கிறவர்; எக்ஸ்புளோரர் புது நிலம் தேடிப் போகிறவர். பெயர் வைத்தவர்களுக்கு ஆட்டைவிட மாலுமி கௌரவமாகத் தெரிந்திருக்கலாம்.

தமிழில் 'மேலோடி' என்று சிலர் எழுதிப் பார்த்தார்கள். நிலைத்தது உலாவி. உலாவு என்ற வினையோடு இகரம் சேர்ந்து, அந்த வேலையைச் செய்வதற்குப் பெயராகிறது. ஒலிபெருக்கி, பூச்சிக்கொல்லி எல்லாம் இதே அச்சில் வார்த்தவைதான். அடுக்குமாடி வீட்டில் நாம் தினமும் ஏறி இறங்கும் மின்தூக்கியும் அப்படியே. உலவு, உலாவு இரண்டும் பழைய சொற்கள் என்பதால் 'உலவி' என்று எழுதுவதும் பிழையில்லை. ஆனால் 'பூங்காவில் உலாவி வந்தேன்' என்று எழுதினால் அது எச்சமா, பெயரா என்று வாசகர் ஒரு நொடி தடுமாறுவார். 'இணைய உலாவி' என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது அதற்குள் இருக்கும் 'உலா'. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் பார்த்து மயங்குவதாகப் பாடுவது உலா இலக்கியம். தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கியோங் சாய்க் ரோடு விநாயகர் கோயிலுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் ஓரமாக நிற்கிறோம், முருகன்தான் நகர்கிறார். பிரௌசர் செய்வதும் உண்மையில் அதைத்தான். நாம் எந்தத் தளத்துக்கும் 'போவதில்லை'. முகவரியைத் தட்டினால் பிரௌசர் ஆளனுப்பிக் கேட்கிறது; தூரத்துக் கணினி பக்கத்தின் நகலை நம் திரைக்கு அனுப்பிவைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு முன்னால் பக்கங்கள் பவனி வருகின்றன. தெரிந்தேதான் சொல்லைத் தேர்ந்தார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் நன்றாகப் பொருந்திவிட்டது.

இந்தப் பவனி எவ்வளவு மெதுவாக வரும் என்பதை நான் கற்றுக்கொண்டது 1996இல், தோ பாயோ வீட்டில். அப்போது பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்க்கும் மோடம், நொடிக்கு 28.8 கிலோபிட். அதாவது 100 கிலோபைட் படம் ஒன்று முழுதாக வந்து சேர அரை நிமிடம். இணையமும் வீட்டுத் தொலைபேசியும் ஒரே கம்பியில். அம்மா கூடத்தில் ரிசீவரை எடுத்தால் போதும், எல்லாம் அறுந்துவிடும். "டேய், போன்ல பேய் கத்துதுடா!" என்று அம்மா அலறுவதற்குள் என் பக்கம் பாதியில் நின்றிருக்கும்.

கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறியதால் மேய்வதிலும் சிக்கனம் வேண்டியிருந்தது. நெட்ஸ்கேப்பின் ஆப்ஷன்ஸ் பட்டியலில், படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம். எழுத்து மட்டும் மளமளவென்று வரும். படம் தேவை என்றால் மேலே இருக்கும் இமேஜஸ் பொத்தானை அழுத்தினால் போதும். மூலையில் 'என்' எழுத்தின் மேல் எரிகற்கள் விழுந்துகொண்டிருக்கும் வரை பக்கம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நமக்கு வேண்டியதைப் படித்தாயிற்று என்றால் ஸ்டாப்பைத் தட்டலாம். முழுதாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்ட உத்தி ஒன்று உண்டு. (கல்லூரியில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.) கண்ட்ரோலையும் 'என்' விசையையும் சேர்த்து அழுத்தி நாலைந்து சன்னல்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை இறக்கிவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பக்கங்கள் திரையிலேயே இருக்கும். அப்புறம் நிதானமாக, காசு ஏறாமல் படிக்கலாம். இதற்கும் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை: அசைபோடுதல். வெளியே அவசரமாகக் கடித்து விழுங்கிவிட்டு, தொழுவத்துக்கு வந்து மெல்வது. 'உலாவி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது; உலாவப் போனவர் திரும்பி வந்து எதை அசைபோடுவார்?

புக்மார்க்குக்குப் பக்கக்குறி என்பது நேரான சொல். நெட்ஸ்கேப் அவை அத்தனையையும் ஒரே கோப்பில் வைத்திருந்தது. அதை நெகிழ்வட்டில் (ஃப்ளாப்பி) பிரதி எடுத்துக் கல்லூரிக் கணினியில் திறந்தால், வீட்டில் குறித்து வைத்த இடமெல்லாம் அங்கேயும் கிடைக்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும் தனிச் சடங்கு. சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் ஏற்றிய தளத்தை 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழ் இடம்பெறப் பாடுபட்டவர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடும் இங்கே நடந்தது. ஆனால் அப்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். தளம் தரும் எழுத்துருவை இறக்கி நிறுவி, உலாவியின் எழுத்துரு அமைப்பில் 'யூசர் டிஃபைன்ட்' என்பதற்கு அதைப் பொருத்த வேண்டும். ஒரு படி தவறினாலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். மின்னஞ்சலிலும் அதே கதைதான். அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டும். அதனால்தான் நாங்கள் ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டப் பழகினோம். எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு வந்து இத்தனை காலம் ஆகியும் அந்தப் பழக்கம் பலரை விடவில்லை, என்னையும்தான்.

மின்னஞ்சலா, மின்மடலா என்று ஒரு கேள்வி உண்டு. மடல் என்பது கடிதம் மட்டும். அஞ்சல் என்பது அதைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. திருவிதாங்கூரில் அஞ்சற்காரர்கள் மணி கட்டிய கோலோடு ஓடித் தபால் கொண்டுபோனார்கள். ஒருவர் கைமாற்ற இன்னொருவர் வாங்கி ஓடுவதால்தான் விளையாட்டுத் திடலிலும் அஞ்சலோட்டம் என்கிறோம். மின்னஞ்சலும் ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) அடுத்ததற்குக் கைமாறிக் கைமாறித்தான் போகிறது. அதனால் ஏற்பாட்டுக்கு மின்னஞ்சல் என்பதே என் ஓட்டு. எழுதியதை வேண்டுமானால் மடல் எனலாம். மடலேறும் காதலர்களை நினைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

அப்போது மின்னஞ்சலையும் இணைய இணைப்பில்லாமல் எழுதி முடித்து, பிறகு இணைத்து அனுப்புவதே வழக்கம். இணைப்புக் கோப்புகளில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குத் தீபாவளிப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து அப்படியே அனுப்பினேன், ஒரு மெகாபைட். மின்னஞ்சலில் போவதற்காகக் கோப்பை எழுத்துகளாக மாற்றும்போது அது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு அது இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆனது. பின்னால் வந்த மடல்களெல்லாம் வரிசையில் காத்திருந்தன. "இனிமே படம் வேணாம்டா, தபால்லயே அனுப்பு" என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இப்போது அம்மாவும் கைத்தொலைபேசியில் மணிக்கணக்காகப் பக்கம் பக்கமாகத் தள்ளுகிறார். அதற்கு அவர் பிரௌசர் என்றும் சொல்வதில்லை, உலாவி என்றும் சொல்வதில்லை. நான் சோற்றை வைத்துக்கொண்டு கூப்பிட்டால், "இருடா, இன்னும் கொஞ்சம் மேய்ஞ்சிட்டு வர்றேன்" என்கிறார்.