மழைக் குளிரிலும் நேரம் தவறாத சேவல்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் சித்தப்பா வீட்டில் ஒரு சேவல் இருக்கிறது. இரவெல்லாம் மழை கொட்டி, கொடிமலைக் குளிர் முற்றம்வரை இறங்கி வந்தாலும், விடிவதற்கு முன்னால் அது கூவுகிற நேரம் மாறாது. "நாம போர்த்திக்கிட்டுத் தூங்குறோம், இதுக்கு மட்டும் யாருடா அலாரம் வச்சது?" என்பார் சித்தப்பா.

வெளிச்சம் பார்த்துத்தான் கூவுகிறது என்றே நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. எந்நேரமும் ஒரே மங்கல் ஒளியில் வைத்த சேவல்களும் வேளைக்குக் கூவியதை 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

பறவைகளில் அந்தக் கடிகாரத்தின் முக்கியமான பகுதி பினியல் சுரப்பி. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே, மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மெல்லிய ஓட்டைத் தாண்டி வரும் ஒளியை அதுவே நேராக உணரும்; அதற்கான பினாப்சின் என்ற நிறமியைக் கோழியில் 1994-இல் கண்டுபிடித்தார்கள். நெற்றிக்கண் என்று சொல்லலாம், ஆனால் யாரையும் எரிக்காது. இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அவ்வளவுதான்.

1968-இல் கேஸ்டன், மெனக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் சிட்டுக்குருவிகளுக்கு இந்தச் சுரப்பியை எடுத்துவிட்டு முழு இருட்டில் வைத்தார்கள். எப்போது விழிப்பது, எப்போது அடங்குவது என்ற ஒழுங்கே போய்விட்டது. 1979-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. வேறொரு குருவியின் சுரப்பியை எடுத்து, சுரப்பியை இழந்த குருவியின் கண்ணுக்குள் பதித்தார்கள். ஒழுங்கு திரும்பியது, அதுவும் சுரப்பியைக் கொடுத்த குருவியின் நேரப்படி!

சரி, குளிர் எங்கே வருகிறது? பொதுவாக 10 டிகிரி குறைந்தால் ரசாயன வினைகளின் வேகம் பாதியாகிவிடும். கடிகாரமும் ரசாயனம்தானே, குளிரில் பின்தங்க வேண்டாமா?

முதல் காவல் இறகு. சேவல் உப்பிக்கொண்டு, நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். வெளிக்குளிர் சுரப்பிவரை போவது அரிது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. கோழிக்குஞ்சின் பினியல் செல்களைத் தட்டில் வளர்த்து வெப்பநிலையை மாற்றிப் பார்த்தபோது, கடிகாரத்தின் ஓட்டம் பெரிதாக மாறவில்லை. சூட்டுக்கும் குளிருக்கும் தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்கிறது. மெலடோனின் அளவு மட்டும் வெப்பத்தோடு மாறுகிறது.

அதற்காக அது வெப்பத்தையே உணராத மரக்கட்டை என்று நினைத்துவிட வேண்டாம். அதே செல்களை இருட்டில் வைத்து, தினமும் 37 டிகிரிக்கும் 42 டிகிரிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், அந்தத் தாளத்துக்கு ஏற்பக் கடிகாரம் தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். பறவையின் உடலிலும் அப்படியொரு தாளம் உண்டு. பகலில் 41, 42 டிகிரி இருக்கும் உடல் இரவில் சற்றுத் தணிகிறது. தணிப்பதில் பினியலுக்கே பங்குண்டு: அதை இழந்த குருவிகளுக்கு, முழு இருட்டில், இந்த ஏற்ற இறக்கமும் நின்றுபோனதை 1971-இல் பார்த்தார்கள். ஆக, அந்தச் சுரப்பியைத் தொடுகிற குளிர் பெரும்பாலும் கொடிமலையிலிருந்து வருவதில்லை; இரவுதோறும் அது தானே வரவழைத்துக்கொள்வது.