பெரும்பாலோர் ஏன் குற்றம் செய்வதில்லை?

ஒருவர் திருடிவிட்டார் என்றால், அவரை அதற்குத் தூண்டியது வறுமையா, கூடாநட்பா, பழிவாங்கும் எண்ணமா என்று தேடுவதே நம் வழக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் ட்ராவிஸ் ஹிர்ஷி, 1969இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கேள்வியைத் தலைகீழாக்கினார். குறுக்குவழியில் பொருள் சேர்க்கும் ஆசையும் கோபத்தில் கைநீட்டும் வேகமும் எல்லா மனிதருக்கும் எழக்கூடியவை; அப்படியிருக்க, பெரும்பாலோர் அவற்றுக்கு இடங்கொடுக்காமல் இருப்பது எப்படி என்பதைத்தான் விளக்க வேண்டும் என்றார். சமூகக் கட்டுப்பாட்டுக் கோட்பாடுகள் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன.

கட்டுப்பாடு என்றதும் காவல் நிலையமும் சிறையும் நினைவுக்கு வரலாம். ஹிர்ஷி குறிப்பிட்டது ஒருவரைச் சமூகத்தோடு சேர்த்துவைக்கும் பிணைப்பை. பெற்றோர், ஆசிரியர் முதலியோரிடம் உள்ள பாசம்; படிப்பு, வேலை, நற்பெயர் என்று பாடுபட்டுச் சேர்த்து, தவறு செய்தால் இழக்க நேரும் வாழ்க்கை; முறையான அலுவல்களில் செலவாகும் நேரம்; சட்டம் மதிக்கத்தக்கது என்ற நம்பிக்கை ஆகிய நான்கும் அந்தப் பிணைப்பின் இழைகள். இவை தளர்ந்த இடத்தில் குற்றத்துக்குத் தனியாகத் தூண்டுதல் தேவையில்லை என்பதே அவர் வாதம்.

இவற்றுள் பாசம் செயல்படும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு பொருளைத் திருடச் சில நிமிடங்கள் போதும். அந்த நேரத்தில் எந்தத் தாயும் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. ஆயினும் "அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்" என்ற எண்ணம் அந்தக் கணத்தில் மனத்தில் எழுமானால், அவர் அங்கே இருந்ததற்குச் சமம். கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியில் 4,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த கணக்கெடுப்பில், தாம் எங்கே, யாரோடு இருக்கிறோம் என்பது தாய்க்குத் தெரியும் என்ற சிறுவர்களிடம் தவறான செயல்கள் குறைவாகவே இருந்தன. பொழுதுபோகாத பிள்ளைதான் கெட்டுப்போகும் என்ற பரவலான எண்ணத்துக்கோ அதே தரவுகளில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. கணக்கெடுப்பில் பங்கேற்ற சிறுமிகளை ஹிர்ஷி தம் பகுப்பாய்வில் விட்டுவிட்டது பெரிய குறை. மேலும், இழப்பதற்கு நிறைய வைத்திருக்கும் அதிகாரிகளும் நிறுவன முதலாளிகளும் ஏன் மோசடி செய்கிறார்கள் என்பதற்கு இக்கோட்பாடு நிறைவான விடை தருவதில்லை.

சிறுவயதிலேயே பிணைப்பு அறுந்தவர்களின் கதி என்ன? பாஸ்டன் நகரில் குற்றம் செய்து சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களையும், குற்றம் செய்யாத 500 சிறுவர்களையும் குற்றவியல் ஆய்வாளர்களான ஷெல்டன் க்ளூக், எலினோர் க்ளூக் தம்பதியர் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்திருந்தனர். ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் நிலவறையில் கிடந்த அந்தக் கோப்புகளை 1980களில் ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மீட்டெடுத்து, கணினியில் ஏற்றி ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரியான இளமைக்காலம் வாய்த்தவர்களுள், நிலையான வேலையும் அன்பான இல்வாழ்க்கையும் அமைந்தவர்கள் குற்றத்திலிருந்து விலகியிருந்தனர். பெயரளவிலான திருமணம் போதாது. இழக்க மனம் வராத உறவாக அது வளர்ந்திருக்க வேண்டும். என்னை மிகவும் பாதித்தது லாப், சாம்ப்சன் இருவரின் இன்னொரு முடிவு: நீண்ட சிறைவாசம் நிலையான வேலை அமைவதைக் கெடுத்து, அதன் வழியாகப் பிற்காலக் குற்றத்துக்கே இட்டுச்சென்றது. குற்றத்தைத் தடுக்க வேண்டிய தண்டனையே, தடுக்கும் இழையை அறுத்துவிடுகிறது.

ஆகவே, பிணைப்பை உண்டாக்குவதும் அறுபடாமல் காப்பதுமே இக்கோட்பாடு காட்டும் தடுப்புமுறை. மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்தில், ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கே சென்று தாயோடும் பழகினார்கள். அக்குழந்தைகள் 40 வயதை எட்டியபோது, 5 அல்லது அதற்கு மேற்பட்ட முறை கைதானவர்கள் அவர்களுள் 36 விழுக்காடு; திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவில் 55 விழுக்காடு. இதற்குக் கல்வித் திறனும் காரணமாகலாம். எனினும் பள்ளியோடு ஏற்பட்ட பற்றுக்கும் அதில் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

சிறைக்குள் இருப்போருக்கும் இது பொருந்தும். மின்னசோட்டா மாநிலத்தில் 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 கைதிகளை ஆராய்ந்தபோது, சிறையில் உறவினரோ நண்பரோ வந்து பார்த்தவர்கள் மீண்டும் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்படும் வாய்ப்பு, யாரும் வந்து பார்க்காதவர்களைவிட 13 விழுக்காடு குறைவாக இருந்தது. வெகுதொலைவில் சிறையைக் கட்டுவதும், பார்வை நேரத்தைச் சுருக்குவதும், குடும்பத்தோடு பேசும் தொலைபேசி அழைப்புக்கு அதிகக் கட்டணம் வாங்குவதும் பிணைப்பை அறுக்கும் கணக்கில்தான் வந்து சேர்கின்றன.